உள்ளே ஆள் இருக்கும் சமாதி

அக்கா,

இன்று காலை நாத்தனாரைத் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் அந்தச் சமாதிக்கு அழைத்துப் போனேன். சென்னையிலிருந்து வந்திருக்கிறாள், ஊர் சுற்றிக்காட்ட வேண்டும். மழை விட்டிருந்தது. வெட்டிய புல்லின் ஈர வாசனை மூக்கில் ஏறியதும் காரிலிருந்து இறங்கவே மனம் வரவில்லை. நீங்கள் போனபின் நான் அங்கே போனதில்லை.

நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த கல்லில் நின்று அந்த உயர்ந்த தூணைக் கும்பிட்டாள். யார் என்று அதன்பிறகுதான் கேட்டாள். பதவியிலேயே இறந்த பிரதமர், ஏழைகளுக்கு வீடும் ஓய்வூதியமும் தந்து இந்த நாட்டை உருவாக்கியவர் என்பார்கள் என்றேன். எனக்குத் தலைவர்களின் சமாதிகள் மேல் மரியாதை கிடையாது. அது உங்களுக்கும் தெரியும்.

த்ரீ கிங்ஸ் பகுதியில் என் பக்கத்து வீட்டுக்கு நீங்கள் குடிவந்த புதிதில் உங்களையும் அங்கேதான் கூட்டிப்போனேன். நீங்கள் கடலைப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு, “உள்ளுக்கு உண்மையா ஆள் இருக்கோ?” என்று கேட்டீர்கள்.

“இருக்காருக்கா.”

“அப்ப மனுசி குடுத்து வைச்சவள்.”

அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். “தேட ஒருத்தியும் இல்லாத மனுசனுக்கோ இவ்வளவு உயரத்தில அடையாளம்?”

அன்று திரும்பும் வழியில்தான் உங்கள் கணவரைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் ஊர்ப் போரின் முடிவில் ராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு அவரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மகளைக் கையில் பிடித்தபடி நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. நீங்கள் பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. கோயிலில் பெண்கள் முணுமுணுப்பதும், கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு உங்களைத் தாண்டிப் போவதும் உங்களுக்குப் பழகியிருந்தது. யாராவது நேரில் கேட்டால் ஒரே பதில்தான்: “பஸ்ஸில ஏத்தினதைக் கண்டனான். செத்ததைக் காணேல்லை.”

எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிறவள் நான். அதற்கு மேல் உங்களிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

இறுதிச் சடங்குக்கு உங்களை அலங்கரித்த அன்று, அவர் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி மறுபடி வந்தது. உங்கள் கல்யாணக் கூறைச்சேலையை உடுத்தியாகிவிட்டது. குங்குமச் சிமிழை உங்கள் மகள் எடுத்தபோது, உறவுக்கார மாமி அவள் கையைப் பிடித்தார். “இவ்வளவு காலம் கழிச்சு ஆர் வரப்போகினம், பிள்ளை? முறைப்படி செய்வம். பொட்டு வேண்டாம்.”

எதற்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் உங்கள் மகள் அன்று என்னிடம் தமிழில் கேட்டாள். “ஆன்ட்டி, அப்பா செத்திட்டார் எண்டு நான் சொல்லவேணுமா?”

அந்தச் சடங்குகளில் எதையும் நம்பாதவள் நான், உங்கள் உறவும் இல்லை. ஆனாலும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தைத்தான்.

“அம்மா தினமும் எப்படி வெளியே கிளம்புவாங்களோ, அப்படியே அனுப்பும்மா” என்றேன்.

அவள் பொட்டு வைத்தாள். மாமி பூ வைக்க முன்னால் வரவில்லை. நான்தான் வைத்தேன். பழக்கமில்லாத கை, ஊசி நிற்காமல் வழுக்கியது.

இப்போது உங்கள் ஆட்டத்திவசம், முதல் வருடத் திதி, வருகிறது. அப்பாவுக்கும் சேர்த்தே செய்துவிடச் சொல்லி உறவினர் எல்லாரும் உங்கள் மகளை வற்புறுத்துகிறார்கள். அவள் உங்களுக்கு மட்டும்தான் செய்யப்போகிறாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து ஹென்டர்சன் ரயில் நிலையத்தில் நிற்கும்போது, நம்மவர் சாயலில் வயதான ஆண் யார் இறங்கினாலும் அவர் முகத்தைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுச் சுவரிலிருந்த உங்கள் கணவர் படத்தோடு, அதற்கு இத்தனை வருட வயதையும் கூட்டி, ஒப்பிடுகிறேன். அவர் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அக்கா. களைப்பாகவும் இருக்கிறது. நேற்றும் ஒருவர் இறங்கினார். அவர் திரும்பும்வரை நின்று, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.