நின்ற பிறகும் ஓடும் வண்டி

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன், போனில் கேட்டால் நீ வேறு என்ன சொல்லப்போகிறாய். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். இந்த வீட்டில் போன் பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும், இது கூடத்துக்குக் கேட்கக் கூடாத சங்கதி. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினது நான் இல்லை, என் அப்பா. அதையும் நான் மறக்கவில்லை. நீ கிளம்பின அன்றைக்கு மழை என்று என் நீலக் குடையை எடுத்துக்கொண்டு போனாயே, அதையும் மறக்கவில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தம்பி உன்னிடம் யோசனை கேட்டபோது நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். டர்போ ஒண்ணு போட்டுடுடா, பூனை மாதிரி ஏறும் என்றாய். சொன்னவன் நீ, அனுபவித்தவள் நான். எனக்கென்று நீ வாங்கிக் கொடுத்த சின்னக் கார் வயசாகி மேட்டில் மூச்சு வாங்குகிறது என்பது வரைக்கும்தான் உனக்குத் தெரியும். அது எதனால் பெரிய பேச்சானது என்று அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். மேட்டில் கடைசி வீடு நம்முடையது, பஸ் ஏறாது, வாடகை வண்டிக்காரன் எவனும் திருப்ப இடமில்லை என்று வர மாட்டான், இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் கீழே போக அந்தக் காரை விட்டால் கதியில்லை. ஒருநாள் நாலு பேராக வரும்போது தண்ணீர்த்தொட்டித் திருப்பத்தில் நின்றேவிட்டது. நான் முன் சீட்டில், பின்னால் சின்னவன் பெண்டாட்டியும் அவளுடைய அண்ணன் சோபாக் கடைக்காரரும். ஆள் என்னைப் போல் ஒன்றரைப் பங்கு. அவர் இம்மி அசையவில்லை. அத்தை மட்டும் எறங்கிட்டா வண்டி பறந்துடும் மச்சான் என்று சொல்லிச் சிரித்தார். உன் தம்பியும் சிரித்தான். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கினது எனக்குத் தெரியாதா. நான் இறங்கிவிட்டேன். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வீடு வந்து சேர்ந்தால், அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கினது அன்றைக்குத்தான். வீக்கம் வடிந்துவிட்டது, சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதோடு விட்டாரா. அத்தை, என் வீட்ல பின்ரூம் சும்மாதான் கெடக்கு, படியே கெடையாது, பேசாம வந்துடுங்க என்றார். போய்ப் பார்த்தேன். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் அவருடைய குடோன் சுவர், அறை முழுக்க பஞ்சும் பசையுமாக நாற்றம், மூலையில் விற்காத சோபா ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். எனக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும். ஆனால் உன் தம்பி, கார் ஏறலேன்னா வேற வழி இல்லம்மா, இங்க உன்னைத் தனியா அடைச்சு வெச்சுட்டு நாங்க எப்படி வேலைக்குப் போறது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். அப்போதுதான் உன்னிடம் கேட்டதும் நீ டர்போ என்றதும். ஆக அந்தக் கார் மேடு ஏறினால் எனக்கு என் வீடு, ஏறாவிட்டால் சோபாக் கடைப் பின்னறை. நீ அதை அறியாமல் சொன்ன வார்த்தை, ஆனாலும் நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மெக்கானிக்கை எல்லாரும் மௌனி என்பார்கள், வாய் ஒரு நிமிஷம் மூடாததால் வைத்த பேர். என் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து அந்த டர்போவை வைத்தார், இரும்பில் செய்த நத்தை மாதிரி சுருண்டு கிடந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். என்ஜின் விடுற புகை சைலன்சர் வழியா வீணாத்தானே பெரியம்மா போவுது, அந்தப் புகைய இந்தச் சின்னக் காத்தாடி மேல விட்டா அது சுத்தும், அதே தண்டுல இந்தப் பக்கம் இன்னொரு காத்தாடி, அது வெளிக்காத்தைப் புடிச்சு என்ஜினுக்குள்ள அமுக்கும், காத்து கூடுனா பெட்ரோலும் கூட எரியும், இழுவை தானா வரும் என்றார். அணைகிற அடுப்பை ஊதி எரியவைப்பது மாதிரி என்றேன். நீங்களே மாட்டிடுவீங்க போல இருக்கே, எனக்கு டீ மட்டும் போதும் என்றார். சின்ன என்ஜின், நெஞ்சு தாங்காது, ரொம்ப ஊதக் கூடாது, கொஞ்சமாத்தான் ஊதணும் என்றும் சொன்னார். அந்த மட்டில் நல்ல மனுஷன்.

அவர் பட்டறையில் இடமில்லை என்று நம் வீட்டு வாசல் நடையிலேயே காரை முட்டுக் கொடுத்து நிறுத்தி, பம்பர் விளக்கு ரேடியேட்டர் என்று முன்பக்கம் முழுவதையும் கழற்றிவிட்டார்கள். அந்த நடையின் அகலம் உனக்கே தெரியும். காருக்கும் சுவருக்கும் நடுவில் பூனை போகும், நான் போக முடியாது. பின்கதவைத் திறந்தால் மண் சரியாமல் கட்டின கல் சுவர் மூக்கில் இடிக்கும். வாசல் இருந்தும் இல்லாத வீடு. மருமகள் பக்கவாட்டில் நழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள், சின்னவன் கையை ஊன்றித் தாண்டிவிடுவான், நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எந்தச் செருப்புச் சத்தம் யாருடையது என்று மனப்பாடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் வேலை நடக்கும். ஒரு ஞாயிறு குழாய் பொருந்தவில்லை, ஒரு ஞாயிறு போல்ட் முறிந்துபோயிற்று, இன்னொரு ஞாயிறு மௌனிக்கு மாமியார் வந்துவிட்டாள். உன் தம்பி செய்வது லிப்ட் ரிப்பேர். ஊரில் எந்த லிப்டில் எவர் மாட்டினாலும் ஓடிப்போய் வெளியே எடுக்கிறான், பெற்றவளுக்கு வாசலைத் தாண்ட வழியில்லை. சொன்னால் சிரிக்கிறான். இன்னும் ரெண்டே ரெண்டு கிளாம்ப்தாம்மா என்பான். அவன் சொன்ன ரெண்டு கிளாம்பை எல்லாம் கோத்தால் உன் ஊருக்கே பாலம் கட்டலாம்.

ஒருவழியாக மாட்டினார்கள். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பெட்ரோல் அளவைக் கூட்டினார்கள். ஏறினது பார், எனக்கு முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. ஆனால் மௌனி ஒரு நிபந்தனை போட்டார். மேடு ஏறி வந்ததும் என்ஜினை உடனே அணைக்கக் கூடாது, அந்தக் காத்தாடி நெருப்பாகச் சிவந்து சுற்றிக்கொண்டிருக்கும், அதைத் தாங்குவது எண்ணெய்தான், என்ஜினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று அங்கேயே கருகிவிடும், அதனால் நின்ற பிறகும் சும்மா கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆறினதும் அணையுங்கள் என்றார். யாரிடம் வந்து சொல்கிறார். உங்கள் அப்பா வளர்த்த குடும்பத்தில். ரொட்டி வேன் ஓட்டின காலம் முழுக்க, சக்கரம் நின்றால் சாவி திரும்பியிருக்க வேண்டும் அவருக்கு. பெட்ரோல் என்ன என் மாமனார் வீட்டுக் கெணத்துலயா ஊறுது என்பார். மாமனார் என்றால் என் அப்பா, ஆகையால் அந்தப் பேச்சும் என் கணக்கில் இருக்கிறது. இறக்கத்தில் என்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வருவார், நீங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து கை தட்டுவீர்கள். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைக்கிற வீடு, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் முன்பே மின்விசிறியை நிறுத்துகிற வீடு. தொட்டில் பழக்கம் எங்கே போகும்.

சில வாரத்தில் நீலப் புகை வந்தது, விசில் மாதிரி இருந்த சத்தம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. மௌனி கழற்றிப் பார்த்தால் உள்ளே அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி கரி, தண்டு ஆடுகிறது. வந்ததும் அணைச்சீங்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று உன் தம்பி அடித்துச் சொன்னான். பக்கத்தில் சோபாக் கடைக்காரர் நின்றுகொண்டு, டூப்ளிகேட் சாமான் மச்சான், நான் அப்பவே சொன்னேன், அத்தைக்கு ரூமைச் சுத்தம் பண்ணச் சொல்லிடட்டுமா என்கிறார். அவர் எதிரில் என் பிள்ளையை விட்டுக்கொடுப்பேனா. அவர் போனபிறகு உன் தம்பியைக் கூப்பிட்டு, நீ அணைக்கலடா, உன் கை அணைச்சுது, ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கிட்டேதான் வந்தேன், அது உங்கப்பா கை என்றேன். அவன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அப்பவே சொல்லக் கூடாதா என்றான். அடுப்பை அணைக்காதேன்னு உங்கப்பாகிட்ட நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா என்றேன். எனக்கும் அந்தக் கைதானே, அணைத்தது தப்பென்று எனக்கே படவில்லை.

மௌனி வேறொன்று தேடிக் கொண்டுவந்தார். மறுபடி முட்டு, மறுபடி ஞாயிறு, மறுபடி ஜன்னல் கம்பி. அதை எழுதினால் எனக்கே மூச்சு முட்டும். இப்போது உன் தம்பி மேடு ஏறினதும் கேட்டுக்கு வெளியே சரிவிலேயே நிறுத்துகிறான், நடையில் விட்டால் புகை வீட்டுக்குள் வருகிறது. கைப்பிரேக் தேய்ந்துபோனதால் காலை பிரேக்கிலிருந்து எடுக்க முடியாது. வலது கை சாவிக்குப் போகாமல் இருக்க அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் காலை நீட்டிக்கொள்ளப் பின் சீட்டில். சின்னவன் மகள் குழந்தையாக இருந்தபோது பின் சீட்டுக் கதவு இரண்டுக்கும் போட்ட பூட்டு அப்படியே துருப்பிடித்துவிட்டது, உள்ளேயிருந்து திறக்காது. அவள் ஹாஸ்டலில் படிக்கப் போய்விட்டாள், பூட்டு எனக்கு மிஞ்சியது. வீட்டு வாசலில், வீட்டைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்குள் போக முடியாமல் ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன ஞாயிறு சோபாக் கடைக்காரரை நானே கூப்பிட்டேன். வாங்க தம்பி, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போவீங்க என்று என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். மருமகள் முன்னால். அதே நாலு பேர். தண்ணீர்த்தொட்டித் திருப்பம் வந்தது, கார் விசில் அடித்துக்கொண்டு ஒரே மூச்சில் தாண்டியது, அவர் முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலே வந்ததும் கதவை இழுக்கிறார், திறக்கவில்லை. என்ன மச்சான், கதவு தொறக்கல என்கிறார். அவசரப்படாதீங்க தம்பி, யாரும் எறங்க வேண்டாம், ஏறிடுச்சு என்றேன். வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார். மருமகள் தோள் அன்றைக்கும் குலுங்கினது, இந்தத் தடவை என் பக்கம். பின்னறைப் பேச்சு அதோடு போயிற்று. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம்.

இனிமேல்தான் விஷயம், கவனமாகப் படி. ஜெயித்தாயே அம்மா, அப்புறம் என்ன என்று நினைக்காதே. கார் கீழே போவது ஞாயிறு மட்டும். மற்ற நாளெல்லாம் நானும் ஜன்னல் கம்பியும்தான். உன் தம்பி வேலை முடிந்து வருவான், போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான், தூங்கிவிடுவான். ஆனால் அந்தக் கேட்டு வாசலில் அவனுக்கு எங்கேயும் போக வழியில்லை. கால் பிரேக்கில், கை தொடைக்கு அடியில், போனையும் எடுக்க முடியாது. மருமகள் முன்னால் இறங்கிப் போய்விடுவாள், வெளியிலிருந்து என் கதவைத் திறக்கச் சொல்லி அவளை நான் கூப்பிடுவதில்லை. நாங்கள் இரண்டு பேர். அப்போது பேசுகிறான். லிப்டில் மாட்டினவர்களிடம் கதவுச் சந்தில் வாயை வைத்து முதலில், பயப்படாதீங்க, காத்து வரும் என்றுதான் சொல்வானாம். ஒரு கிழவி கதவைத் திறந்த பிறகும் வெளியே வரவில்லையாம், அவனிடம் சொல்லிக்கொண்டிருந்த கதையை முடித்துவிட்டுத்தான் வந்தாளாம். இத்தனை வருஷத்தில் அவன் வேலையைப் பற்றி எனக்குச் சொன்னது இதுதான் முதல் தடவை. சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. உங்கள் அப்பா பழக்கினபடியே இருந்துவிட்டோம், வண்டி நின்றதும் இறங்கி அவரவர் வேலைக்குப் போய்விட்டோம்.

போன வாரம் மௌனி, ஒரு பெட்டி இருக்கு பெரியம்மா, அதை மாட்டிக் கைப்பிரேக் வயரையும் மாத்திட்டா சாவியை எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிடலாம், என்ஜின் தானா ஓடித் தானா அணைஞ்சுடும், யாரும் காத்துக்கிட்டு உக்கார வேண்டாம் என்றார். நல்லவேளை என்னிடம் மட்டும் சொன்னார். இன்னொரு டீ கொடுத்து அந்த வாயை அடைத்து அனுப்பியிருக்கிறேன், எத்தனை நாள் தாங்குமோ. கைப்பிரேக்கை மாற்றட்டும், அது நல்லதுதான், அப்போதும் ஆறினதும் சாவியைத் திருப்ப அவன் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். அந்தப் பெட்டி விவரம் உனக்கும் தெரிந்திருக்கும். உன் தம்பி உன்னிடம் யோசனை கேட்டால் நீ ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவாய், அவனும் மாட்டிவிடுவான். சொல்லாதே. அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்று சொல்.

பிள்ளைகளுக்கு என் முத்தம், உன் பெண்டாட்டிக்கு என் ஆசி, அவள் கல்யாணத்தன்று என்னைக் கேட்காமல் புகைப்படம் எடுத்ததை மன்னித்துவிட்டேன் என்று சொல், மறக்கவில்லை என்றும் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், நூறு வருஷம் நன்றாக இரு. என் நீலக் குடையைப் பார்சலில் அனுப்பாதே, நீயே கொண்டுவா. தம்பி காரில் உன்னை மேட்டுக்கு அழைத்துவருவான், நீயும் என் பக்கத்தில் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, இப்போதே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மேட்டு வீட்டிலேயே இருக்கும் உன் அம்மா