உன்னை மேற்கோள் காட்டியவன்

இன்று ஆம்பூரைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் ஈரத்தோல் வாடை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். எனக்குக் கை எழவில்லை. உன்னோடு இந்த ரோட்டில் அலைந்த காலத்திலேயே அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. நீ போனபிறகு இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை.

நான் வீடு வீடாகப் போகிற நர்ஸ். நீ கணிதம் படித்துவிட்டு நம் ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரப் பிரிவுக்கு வந்தவள். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தும், நாம் சேர்ந்து ஒரு வேலை செய்ய காதர் பாய் வரவேண்டியிருந்தது. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். இருமலுக்காக அவர் நம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் புது நோயாளிச் சீட்டு போட்டிருந்தார்கள். ஒன்றில் காதர், இன்னொன்றில் அப்துல் காதர், மற்றொன்றில் எஸ்.ஏ. காதர். வேறு வேறு ஆள் என்று நினைத்து ஒவ்வொரு டாக்டரும் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார். காசநோய் என்று தெரிந்தபோது அவரால் எழுந்து உட்காரவும் முடியவில்லை.

அவரை அடக்கம் செய்த பிறகு அந்த வீட்டுக்குப் போய்த் திரும்புகிற வழியில் நீ சொன்னாய்: “ஆள் ஒருத்தர்தான்டி. நம்ம கிட்ட மூணு பேரா இருந்துட்டார். இதை மெஷின் கண்டுபிடிக்க முடியும்.”

நம்மிடம் மெஷின் இல்லை. மெட்ராஸில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிற நேரத்தை உனக்குக் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி துளை போட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, காட்பாடியில் ரயில் ஏறுவாய். ஒரு துளை தப்பினால் அன்றைய பயணம் வீண். பெயரின் ஒலி, வயது, தெரு, வேலை செய்யும் டேனரி, இத்தனையையும் ஒப்பிட்டு, எந்தெந்தச் சீட்டு ஒரே ஆளுடையது என்று சொல்கிற புரோகிராம் அது. அது சொன்ன பெயர்களைத் தேடிக்கொண்டு நாம் போனோம். ஆம்பூரில் ஒரு பெண் அப்பா பேரில் ஒரு சீட்டும், புருஷன் பேரில் ஒரு சீட்டும் வைத்திருந்தாள். “நான்தாம்மா ரெண்டும்” என்று சிரித்தாள். அவளுக்கு நேரத்தோடு வைத்தியம் நடந்தது.

அதைக் கட்டுரையாக எழுதினாய். மருத்துவ இதழ் ‘இது கம்ப்யூட்டர் விஷயம்’ என்று திருப்பியது. கம்ப்யூட்டர் இதழ் ‘இது மருத்துவ விஷயம்’ என்றது. “அப்போ நான் எங்கதான் போறது?” என்று கேட்டாய். கடைசியில் யாருக்கும் தெரியாத சின்ன இதழ் ஒன்று போட்டது. மெட்ராஸ் போகும்போதெல்லாம் நூலகத்தில், யார் யாருடைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிற தடித்த புத்தகத்தைப் புரட்டுவாய். திரும்பி வந்ததும் நான் கேட்கமாட்டேன். உன் முகத்திலேயே தெரியும்.

வேலையைத் தொடர அனுமதி கேட்டபோது ஆஸ்பத்திரிக் கமிட்டியும் அதைத்தான் கேட்டது. “உங்க கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க?”

“இதுவரைக்கும் யாரும் இல்லீங்க சார்.”

அதோடு முடிந்தது. அட்டைப் பெட்டிகள் குடோனுக்குப் போய்க் கரையானுக்கு இரையாயின. நீ பழையபடி எத்தனை கட்டில் காலி என்று மாதக்கணக்கு எழுதினாய். பேரணாம்பட்டிலிருந்து வந்த ஒரே ஆளுக்கு மறுபடியும் பல சீட்டு போட்டார்கள்.

பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டது. நம் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தாய். கண்ணும் மங்கிவிட்டது. அப்போதுதான் மெட்ராஸ் நூலகர் ஒரு வெளிநாட்டுக் கட்டுரையின் நகலை அனுப்பினார். அதில் உன் பெயர் இருந்தது. என்னைப் படிக்கச் சொன்னாய்.

“என் பேரா? இன்னொரு வாட்டி படி.”

படித்தேன். அடுத்த வரி என் கண்ணில் பட்டது. ஒரே நோயாளி பல பெயர்களில் பதிவாகும் சிக்கலை இந்த முயற்சி கருத்தில் கொள்ளவில்லை என்று அந்தக் கட்டுரைக்காரன் எழுதியிருந்தான். உன் கட்டுரையில் அதைத் தவிர வேறு எதுவுமே இல்லை. தலைப்பைத் தாண்டி அவன் போகவில்லை.

“இன்னாடி, நிறுத்திட்ட? இன்னா சொல்றான்?”

“கொஞ்சம் குறை சொல்றான்.”

“சொல்லட்டும். குறை சொல்லணும்னா முழுசா படிச்சிருக்கணும் இல்ல?”

“ஆமா. நல்லா படிச்சிருக்கான்.”

ஊசி போட வந்த நர்ஸிடமும், சாப்பாடு கொண்டுவந்தவரிடமும், “வெளிநாட்டுல ஒருத்தர் என் கட்டுரையைப் படிச்சிருக்கார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டாய்.

அந்த வரியை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் கட்டுரை என்னிடம் இருக்கிறது. சமன்பாடுகள் எனக்கு விளங்குவதில்லை, ஆனாலும் ஒரு பக்கம் விடாமல் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து அதை முழுவதும் படித்தவள் நான் ஒருத்திதான். நானோ கட்டுரை எழுதுகிறவள் இல்லை. மேற்கோளாக உன் பெயரை அடியில் போட எனக்கு ஒரு பக்கமும் இல்லை.