டின்னில் வரும் ஈரக் கல்

கேம்பல் பே
12-4-1972

அன்பு மகள் சந்திரமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் சுகம் என்று அடுத்த கப்பல் வரும்வரை நம்பிக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கடுகெண்ணெய் தேய்க்கிறாள், இவள் பதிலுக்கு ரசம் கொடுக்கிறாள், இருவரும் பேசிக்கொள்ளும் இந்தியை நாட்டில் வேறு யாரும் பேசுவதில்லை.

எங்கள் மணற்கல் நல்ல பலம் என்று உன் கையெழுத்தோடு மெட்ராஸ் லேபிலிருந்து தாள் வந்தது. அம்மா அதைச் சாமி படத்தருகே வைத்துவிட்டுத்தான் ஆபீஸுக்கு எடுத்துப்போக விட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டு மண் சரியாமலிருக்க அந்தக் கல்லிலேயே சுவர் எழுப்பினோம். இடுப்புயரம் வந்தபோது பெருமழை. மறுநாள் என் செருப்பு நுனி பட்டே அடிவரிசைக் கல்லின் ஓரம் உதிர்ந்தது. மாதிரிக் கல்லை எப்படி அனுப்பினீர்கள் என்று ஸ்டோர்கீப்பர் சொக்கலிங்கத்தைக் கேட்டேன். "ஈரத்தோட அனுப்பினா மெயின்லேண்ட்காரன் நம்மள என்ன நினைப்பான் சார், கொப்பரைத் தேங்காய் காயவைக்கிற அடுப்புல போட்டு நல்லா காயவெச்சு, தொடைச்சு, புதுச் சாக்குல கட்டி அனுப்பினேன்" என்றார், பெருமையாக. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட இங்கே இவ்வளவு ஏற்பாடு நடப்பதில்லை.

அதே கல்லில் ஒரு துண்டை அடுப்பருகேயும் ஒன்றைத் தண்ணீர் டிரம்மிலும் போட்டுவைத்தேன். டிரம்மில் போட்டது வெகுநேரம் குமிழி விட்டது. சில நாள் கழித்துச் சுத்தியலால் அடித்தேன். காய்ந்தது கணீரென்றது, நனைந்தது இரண்டாம் அடியில் பிளந்தது. மணலோடு மணலை ஒட்டிவைத்திருப்பது களிமண், நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்தால் அது தன் வேலையை மறந்துவிடுகிறது, உனக்குத் தெரியாததா. உன் கணக்கில் பிழையில்லை, நீ சோதித்தது இந்தத் தீவின் மழையைப் பார்க்காத கல்.

வேலையை நிறுத்திவிட்டேன். லேப் பாஸ் பண்ணின கல்லை ஓவர்சியர் ஃபெயில் பண்ணுவதா என்று போர்ட் பிளேரிலிருந்து மேலதிகாரி வயர்லெஸில் கேட்டிருக்கிறார். ஜூனில் பள்ளி திறக்கும், கடைசி பெஞ்சுக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கத்தான் இடமிருக்கிறது. அந்தத் தாள் காய்ந்த கல்லுக்கு மட்டும் பொருந்தும் என்று நீ எழுதினால் உன் ஆபீஸில் உன்னையும் திட்டுவார்கள். அதை யோசித்துத்தான் இரண்டு நாள் இதை எழுதாமலிருந்தேன். இருந்தாலும் எழுது அம்மா.

தண்ணீர் நிரப்பி மூடியை ஈயத்தால் பற்றவைத்த டின்னில் அதே கல்லின் இன்னொரு துண்டு, ஈரத்தோடு நீ சோதிக்க, இதே கப்பலில் வருகிறது. கூடவே அம்மா கொப்பரை அனுப்பியிருக்கிறாள், அதே அடுப்பில் காய்ந்ததுதான், அதில் தவறில்லை.

வேளைக்குச் சாப்பிடு, நூறாண்டு நன்றாயிரு என்று இருவரும் வாழ்த்துகிறோம். டின்னைத் திறந்ததும் கல்லைத் துடைத்துவிடாதே. அம்மா வளர்த்த வளர்ப்பு, கை தானாகத் துணியைத் தேடும்.

உன் அப்பா
திருநாவுக்கரசு