அப்பா கேட்கும் கேள்வி

சந்தாபுரா, 15.6.2025, ஞாயிறு காலை 6.40. அப்பா இறந்து 41 நாள்.

அம்மாவுக்கு ஸ்தோத்திரம். கால்வலி குறைந்ததா? நான் நலம்.

தினமும் ஒலி வேதாகமத்தை ஃபோனில் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுச் சட்டை தேய்ப்பேன். பிறகு அப்பா கூப்பிடுவார். "எந்த வசனம்டா உன்னைப் பிடிச்சு நிறுத்துச்சு?" வாய்க்கு வந்ததைச் சொல்வேன். "சரிடா, நாளைக்காவது மெதுவா கேளு" என்பார். பொய்யென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இறந்த நண்பன் லாசருவின் கல்லறையில் இயேசு அழுத வசனம் இரட்டை வேகத்தில் ஒரு நொடிகூட வராது. இன்று அதிலேயே நின்றுவிட்டேன். சட்டை கருகிவிட்டது, கை சுடவில்லை, பயப்படாதே. முதல்முறையாக உண்மையான பதில் இருக்கிறது, கேட்க அவர் இல்லை.

அப்பாவின் வேதாகமத்தைக் கூரியரில் அனுப்பு. ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. இனி:

1. வேகத்தைக் குறைப்பேன்.
2. வேறு சட்டை வாங்குவேன்.
3. நாளைக் காலை உன்னைக் கூப்பிடுவேன். அந்தக் கேள்வியை நீ கேள்.

ஷெர்வின்