குழவி இல்லாத அம்மி

மதினி,

அம்மா போன பிறகு ராஜபாளையத்து வீடு என்னிடம் வந்துவிட்டது. இன்று அடுப்படியை இடித்துக் கட்ட வந்த கொத்தனார், மூலையில் கிடந்த அம்மியைப் புரட்டிப் பார்த்து, "குழவி எங்கம்மா?" என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும், பாவம். அப்போதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. அன்று மத்தியானம் நீங்கள் அந்த அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தீர்கள். மில்லில் என்னோடு வேலை பார்த்தவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்னது அண்ணன் காதுக்குப் போயிருந்தது. வந்த வேகத்தில் என் தலைமுடியைப் பிடித்துக் கீழே தள்ளி அரிவாளை ஓங்கினான். நீங்கள் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தீர்கள், உதறிவிட்டான். முதல் வெட்டு என் தோளில் விழுந்தது. மறுபடி ஓங்கியபோது குழவி உங்கள் கையில் இருந்தது. ஒரே அடி. உங்கள் புருஷன் எழுந்திருக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் அம்மா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "குழவி கை நழுவி விழுந்துருச்சுன்னு சொல்லுத்தா. அப்பத்தான் நீ நம்ம வீட்டுலயே இருக்க முடியும்" என்றாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்தப் பொய் வேண்டியிருந்தது. கோர்ட்டு வாசலில் இதைக் கேட்ட வக்கீலோ தலையில் அடித்துக்கொண்டார். "நழுவுச்சுன்னு சொன்னா, காப்பாத்த அடிச்சதா நான் எப்படிம்மா வாதாட முடியும்? ஒரு உயிரைக் காப்பாத்த வேற வழியில்லாம அடிச்சா, ஆளே செத்தாலும் சட்டம் தண்டிக்காது. நடந்ததைச் சொல்லு."

கூண்டில் நின்று சொன்னீர்கள். "நான்தான்யா அடிச்சேன். அடிக்கலைன்னா இந்தப் புள்ளையக் கொன்னுருப்பாக." அப்போதும் அண்ணனுக்குக் கொடுத்த மரியாதையை நீங்கள் குறைக்கவில்லை.

விடுதலை என்று தீர்ப்பு வந்தது. அம்மா தனியாக வேறு பஸ்ஸில் ஏறினாள். நீங்கள் சுந்தரபாண்டியத்தில் உங்கள் அப்பா வீட்டுக்குப் போனீர்கள். குழவி கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. திரும்பக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

என் கல்யாணத்துக்குச் சொல்ல நான் அங்கே வந்தபோது, என் தோளைத் தொட்டுப் பார்த்து, "ஆறிருச்சா ஏட்டி?" என்றீர்கள். ஆறிவிட்டது என்றேன். நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை என்று உங்கள் கையைப் பிடித்து அழத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். சொன்னால், அண்ணன் செத்ததற்கு நன்றி சொன்னதுபோல் ஆகிவிடுமே என்று பத்திரிகையை மட்டும் நீட்டினேன். நீங்களும் அதை வாங்கிக்கொண்டு காப்பி போடப் போய்விட்டீர்கள்.

அம்மியை வெளியே தூக்கிப் போடவா என்கிறார் கொத்தனார். இருக்கட்டும் என்றேன்.

மேகம் போட்டால் தோள் இன்னும் கடுக்கிறது மதினி. கடுக்கும்போது முதலில் யாரை நினைப்பது என்றுதான் தெரியவில்லை.