வாயில் வைக்காதீர்கள் அண்ணி

மார்ச் 4

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று கேட்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள். நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், குழாயை மறக்காமல் மூடுகிறேன். போன் அடித்தால் மட்டும் எடுக்கத் தோன்றுவதில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் ஒரு செடி. பின்பக்கச் சுவரோரம் உங்க அண்ணன் கீரை போடும் பாத்தியில் என்னவோ முளைத்திருக்கிறது. களை என்றால் கண்ட இடத்தில் முளைக்கும். இது வரிசை பிடித்து நிற்கிறது. அவர்தான் விதைத்திருக்க வேண்டும். என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், எங்கே சொல்வது?

அடுத்த மாதம் மகள் குழந்தையோடு வருகிறாள். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் வயசு அதுக்கு. "பேர் தெரியாத செடி ஒண்ணுகூட இருக்கக் கூடாதும்மா, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடு" என்று போகும்போதே கண்டிஷன் போட்டுவிட்டுப் போனாள். பிடுங்கத்தான் போனேன். அவர் கடைசியாக விதைத்தது என்று கை நின்றுவிட்டது. துக்கமெல்லாம் இல்லை. கை நின்றது, அவ்வளவுதான்.

நீ செடிகளோடு குப்பை கொட்டுகிறவள். விஷமா இல்லையா என்று மட்டும் சொல். விஷம் என்றால் பிடுங்கிவிடுகிறேன். ஓர் இலையை உள்ளே வைத்திருக்கிறேன்.

கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன் என்று அவரை எடுத்த அன்றைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னாய். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்ததைத்தானே சொன்னாய்.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இலையும் கிடைத்தது, கறுத்த கூழாக. பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பினால் எந்த இலையும் இப்படித்தான் ஆகும். ஒற்றை இலையைப் பார்த்துப் பெயர் சொல்ல நான் ஜோசியக்காரி இல்லை.

இங்கே என் வேலை காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதுவது. அதற்கு வேர், தண்டு, பூ எல்லாமே வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு ஒரு செடியை முழுசாகப் பிடுங்குங்கள். பழைய செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, மேலே கனமான புத்தகங்களை வையுங்கள். தாளைத் தினம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். காம்பை ஒடித்தால் பால் வருகிறதா? இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா? அதையும் எழுதுங்கள்.

ஒன்றே ஒன்று. வாயில் வைக்காதீர்கள். தெரியாத இலையைக் கண்டால் நுனிநாக்கில் வைத்துத் துப்பிப் பார்ப்பது எங்கள் குடும்ப வியாதி. அண்ணன் ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டு உதடு வீங்கி, அதே முகத்தோடு பெண் பார்க்க வந்தான். உங்களுக்குத் தெரியாததா?

அன்றைக்குச் சொன்னதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

நாத்தனார்


மார்ச் 20

அன்பு நாத்தனாருக்கு,

செடியை நீ சொன்னபடியே காயவைத்து அனுப்பியிருக்கிறேன். மகளின் பழைய பாடப் புத்தகங்கள் பாரத்துக்கு உதவின. அவள் படித்தபோதுகூட அவ்வளவு உபயோகப்படவில்லை.

பால் வரவில்லை. இலைகள் எதிரெதிராக, ஓரத்தில் சின்னச் சின்னப் பல்லோடு. பூவுக்கு இதழ் கிடையாது. சட்டைப் பொத்தான் அளவில் மஞ்சள் உருண்டை, உச்சியில் செம்பழுப்பாக ஒரு பொட்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடித்துப் பார்த்தேன். நுனிநாக்கில் இல்லை, ஒரு பூவை முழுசாக. முதலில் சுரீர் என்றது. எச்சில் ஊறி வழிந்தது. அப்புறம் நாக்கு, உதடு எல்லாம் மரத்துவிட்டன. மற்ற இடமெல்லாம் ஏற்கெனவே அப்படித்தான் கிடக்கிறது, அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என்ன ஆகிறது பார்ப்போம் என்று பின்படியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எழுந்து துணி காயப்போட்டேன்.

அண்ணி


மார்ச் 26

அண்ணி,

உங்களுக்கு அறிவிருக்கிறதா? படித்துப் படித்துச் சொன்னேனே! நாக்கை மரக்கச் செய்யும் செடிகளில் ஆளையே சாய்ப்பவையும் இருக்கின்றன. நீங்கள் பாட்டுக்குத் துணி காயப்போட்டேன் என்று எழுதுகிறீர்கள்!

கடிதம் வந்ததும் போன் போட்டுப் போட்டு விரல் ஓய்ந்துவிட்டது. கடைசியில் உங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைப் பிடித்துச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்காங்க, தலையணை உறை மாத்திக்கிட்டிருக்காங்க" என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

செடியை எங்கள் அட்டைகளோடு வைத்துப் பார்த்தேன். எங்கள் மேலதிகாரியும் லென்ஸ் வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். விஷமில்லை. பல்வலிப் பூண்டு. பல்வலிக்காரர்கள் அதன் பூவை மெல்வார்கள், கொஞ்ச நேரம் வலி தெரியாது. பிடுங்க வேண்டாம். குழந்தை அங்கே இருக்கும் நாட்களில் மட்டும் பாத்தியைச் சுற்றி ஒரு வலை கட்டுங்கள். வாயில் போட்டால் எரிச்சலில் ஊரைக் கூட்டிவிடும்.

அண்ணன் இதைப் போய் ஏன் விதைத்தான்? இந்தச் செடியை யாரும் அழகுக்கு வளர்ப்பதில்லை. உங்கள் வீட்டில் யாருக்குப் பல்வலி?

இன்னொரு கேள்வி. மழுப்பாமல் பதில் எழுதுங்கள். விஷம் இருக்காது என்று நினைத்தா கடித்தீர்கள்? இல்லை, இருந்தால் இருக்கட்டும் என்றா?

எனக்கு அண்ணன் போய்விட்டான். அண்ணியும் போனால் என்னைத் திட்ட யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

இலைப்பூச்சி
(அவன் வைத்த பெயர். இனி நீங்களாவது கூப்பிடுங்கள்.)


ஏப்ரல் 2

இலைப்பூச்சிக்கு,

பல்வலி எனக்குத்தான். மழைக்காலம் முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் உயிரை வாங்கினேன். இரண்டு தடவை பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். இரண்டு தடவையும் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடிவந்துவிட்டேன். இரண்டாவது தடவை செருப்பைக்கூடப் போடவில்லை. என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கப் பின்னாலேயே வந்தார். "சரி விடு, உனக்கு வேற வழி பண்றேன்" என்றார். வாய்வார்த்தைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். இருந்தால் இருக்கட்டும் என்றுதான் கடித்தேன். சாக வேண்டும் என்று இல்லை. இருக்க வேண்டும் என்றும் இல்லை. மகளிடம் இதைச் சொல்லாதே. உன்னிடம் மறைக்கத் தோன்றவில்லை.

வலை கட்டிவிட்டேன். தையல்காரம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு நாலு தடவை எட்டிப் பார்க்கிறார், உன் உபயம்.

அழுகை இன்னும் வரவில்லை. ஆனால் உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அந்தக் கடைவாய்ப் பல் மறுபடி வலிக்க ஆரம்பித்தது. அவர் போனதிலிருந்து அது இருந்த இடமே தெரியவில்லை. இப்போது விண்விண் என்று தெறிக்கிறது. பாத்திவரைக்கும் போய், பூவைக் கிள்ளாமல் திரும்பி வந்தேன்.

அதே டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று இருக்கிறேன். போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறேன், அடித்தால் எடுப்பேன். லீவு சொல்லிவிட்டு வா. உள்ளே வர வேண்டாம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். நான் ஓடிவந்தால் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வர ஓர் ஆள் வேண்டும்.

அண்ணி