மூன்றாவது அடி

அரசு கூர்நோக்கு சிறுவர் இல்லம், சென்னை
5 ஆகஸ்ட் 2025

அன்பு மச்சான் ஜெர்சன்,

இங்கே போன் கிடையாது, அதனால்தான் கடிதம். ஆஸ்பத்திரியிலிருந்து ஊரப்பாக்கம் வீட்டுக்கு வந்துவிட்டாயா? கண் எப்படி இருக்கிறது? உன் அம்மா டெபோரா ஆன்ட்டி என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஒன்பதாவது படிக்கும்போது பெருங்களத்தூர் ஸ்டேஷன் சுவருக்குப் பின்னால் உனக்கு முதல் சிகரெட் கொடுத்தது நான்தான். "ஒரே இழுப்புடா. எல்லாரும் தம் அடிக்கிறானுங்க, நீ மட்டும் இன்னா அம்மா புள்ளையா?" என்றேன். நீ இருமினாய், நாங்கள் சிரித்தோம். பிறகு நீ விட்டுவிட்டாய். அது எங்களில் யாருக்கும் பிடிக்கவில்லை.

நீ ஹெட்மாஸ்டரிடம் காட்டிக்கொடுத்து எங்களை சஸ்பெண்ட் செய்ய வைத்ததும் நம்ம கேங் சாம்பசிவனுக்கு வெறி. கிரிக்கெட் ஸ்டம்பை என் கையில் திணித்தான். "உன் ஃபிரண்டுதானே, நீயே அடி" என்றான். மாட்டேன் என்றால் என்னை அடித்திருப்பார்கள். மன்னித்துவிடு.

உன்
முகிலன்


ஊரப்பாக்கம்
14 ஆகஸ்ட்

முகிலா,

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வரி கோணலாகப் போகும், பார்த்துப் படி.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஃபுட்பால் ஆடும்போது மூச்சு இரைத்தது, சிகரெட்டை விட்டேன், அவ்வளவுதான். அன்று ஸ்டேஷன் சுவருக்குப் பின்னால் வந்ததே உன்னையும் விடச் சொல்லத்தான்.

இரண்டு பேர் என் தோளைப் பிடித்துக்கொள்ள, சாம்பசிவன் என் கையில் சிகரெட் நெருப்பை வைத்துத் தேய்த்தான். முதல் அடி தாடையில், அவன் சொல்லி நீ அடித்தது. இரண்டாவதில் விழுந்தேன். அப்போது அவனே, "போதும்டா, செத்துரப் போறான்" என்றான். அதன் பிறகுதான் என் கண்ணில் அடித்தாய். அது யார் சொல்லி?

ஜெர்சன்


சிறுவர் இல்லம்
22 ஆகஸ்ட்

ஜெர்சன்,

நாலு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஹெட்மாஸ்டரிடம் சொன்னது நான். என் பையில் சிகரெட் பாக்கெட் சிக்கியது. அப்பாவைக் கூப்பிடுவேன் என்றார். எல்லார் பெயரையும் சொல்லிவிட்டேன். அப்புறம் சாம்பசிவன், "எவன்டா போட்டுக் குடுத்தது?" என்று கத்தியபோது உன் பெயர்தான் வாயில் வந்தது. விலகிப் போனவன் நீ. நம்பிவிட்டார்கள்.

ரத்தத்தில் கிடந்துகொண்டு, "நான் இல்லடா முகிலா, வேற எவனோ" என்று என்னையே பார்த்துச் சொன்னாய். உனக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்தேன். நீ வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் அடித்தேன். யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் இரண்டாம் தேதி விசாரணை. இது நமக்குள் இருக்கட்டும்டா.

முகிலன்


ஊரப்பாக்கம்
28 ஆகஸ்ட்

முகிலா,

நேற்று ஸ்கூல் பசங்க என்னைப் பார்க்க வந்தார்கள். ஜோஸ்வின், ஒன்பதாவது, அவன் சட்டையில் சிகரெட் வாடை. "யார்டா குடுத்தா?" என்றேன். "ஃபிரண்டுதான் அண்ணா" என்றான். கண் கட்டைப் பிரித்துக் காட்டினேன். குழியைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். பாவமாக இருந்தது. ஆனாலும் மறைக்கவில்லை.

உன் கடிதத்தை அம்மா படித்துவிட்டார். இரண்டாம் தேதி அதை என் கையாலேயே விசாரணையில் கொடுக்கப்போகிறேன். சாம்பசிவன் "போதும்" என்றதையும் சொல்வேன்.

எனக்கு எதிரில்தான் உன்னை உட்கார வைப்பார்கள். தலையைக் குனிந்துகொள்ளாதே. ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார். அதற்கு மேல் உன்னிடம் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை.

ஜெர்சன்